பாதிப்பு என்னும் சொல்லும் பாங்குனாவும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்) ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். சுரங்கங்களைப் பற்றி நம் கவிஞர்கள் எழுதுவதெல்லாம் ஒப்பாரி. ஒப்பாரியால் ஒரு பிடி மண்ணைக்கூடத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே இலக்கியக்காரர்கள் விலகிக்கொண்டு, பொருளாதார, சமூகப் பாதிப்புகளை முறைப்படி மதிப்பிடத் தெரிந்தவர்கள் கையில் விஷயத்தை ஒப்படைத்துவிட வேண்டும். யோசனையின் முதல் பாதி எனக்குச் சம்மதம். மலையைத் தாயாக்கி, எந்திரத்தை அரக்கனாக்கி, நடுவில் ஒரு பழங்குடிச் சிறுவனை நிறுத்திவைக்கும் கவிதைகளை மாதத்துக்கு நாலாவது படிக்க நேர்கிறது. அவற்றில் மலையும் இல்லை, சிறுவனும் இல்லை. எழுதியவரின் நல்லெண்ணம்தான் இருக்கிறது. நல்லெண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு கவிதையில் ஒன்றும் செய்ய முடியாது என்று இந்தப் பக்கங்களில் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

இரண்டாவது பாதியில்தான் தகராறு. ஒப்பாரிக்கு மாற்று மதிப்பீட்டு அறிக்கை என்கிறார் நண்பர். அறிக்கை என்பது ஏதோ மொழிக்கு வெளியே நிற்கும் பண்டம், அதில் வாக்கியங்கள் இல்லை, எண்கள் மட்டுமே இருக்கின்றன என்று அவர் நினைப்பதாகத் தெரிகிறது. கவிதையின் ஒவ்வொரு சொல்லையும் பிய்த்துப் பார்க்கும் நம்மவர்கள், முன்னூறு பக்க அறிக்கை ஒன்று முன்னால் வந்தால் கை கட்டி நிற்கிறார்கள். விமர்சகன் என்று சொல்லிக்கொள்பவன் அதையும் ஒரு பிரதியாகப் படிக்க வேண்டாமா?

முதலில் 'பாதிப்பு' என்ற சொல். எலியட்டின் பாதிப்பு, காஃப்காவின் பாதிப்பு என்று சிறுபத்திரிகைகளில் எத்தனை கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்தச் சொல்லில் ஒரு சௌகரியம் உண்டு. யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றில் சளி பரவுகிற மாதிரி பாதிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். திருடினான், காப்பியடித்தான், கற்றுக்கொண்டான் என்ற மூன்று வேறு வேறு காரியங்களை ஒரே சொல் மூடிவிடும். சுரங்க அறிக்கைகளிலும் இதே சொல், இதே சௌகரியம். 'ஆறு பாதிப்புக்குள்ளானது' என்று எழுதுகிறார்கள். ஆற்றில் கழிவைக் கொட்டியவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான். எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு உட்கார்ந்திருக்கிறது, ஏதோ அதற்குத்தான் உடம்பு சரியில்லை என்பதுபோல. இலக்கண விஷயம் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரு தேசத்தில் இந்த இலக்கணத்துக்குப் பின்னாலேயே யுத்தம் வந்திருக்கிறது.

பசிபிக்கில் பூகன்வில் என்று ஒரு தீவு. பாப்புவா நியூகினியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1960-களில், அந்தப் பகுதி ஆஸ்திரேலிய நிர்வாகத்தின் கீழ் இருந்தபோது, தீவின் நடுமலையில் பாங்குனா என்ற இடத்தில் செம்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கான்சிங்க் ரியோடின்டோ என்ற கம்பெனி (இன்றைய ரியோ டின்டோவின் ஆஸ்திரேலியக் கிளை), பூகன்வில் காப்பர் என்ற பெயரில் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியது. 1972-லிருந்து 1989 வரை அங்கிருந்து 30 லட்சம் டன் செம்பும், 306 டன் தங்கமும், 784 டன் வெள்ளியும் வெளியேறின. ஒரு டன் பாறையை உடைத்தால் ஏறத்தாழ ஐந்து கிலோ செம்பு. மிச்சத்தை என்ன செய்வது? கவெரோங் என்ற ஆற்றில் விட்டார்கள். அது ஜாபா ஆற்றில் கலந்து கடலுக்குப் போயிற்று. மொத்தம் நூறு கோடி டன்னுக்கும் மேல். ஆற்றின் படுகை மேடாகி, தண்ணீர் கரை தாண்டி, காடும் தோட்டமும் சேற்றுக்குள் போயின. மொரோனி, டபேரா போன்ற கிராமங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள்.

அந்தப் பகுதியின் நாசியோய் மக்களிடையே நிலம் தாய்வழியாக வருவது. நிலத்தின் பேச்சு பெண்களின் பேச்சு. நிர்வாகமும் கம்பெனியும் பெரும்பாலும் ஆண்களோடு பேசி முடித்தன. 1969-ல் கடற்கரையில் ரொரோவானா என்ற ஊரில் துறைமுகத்துக்காக நிலம் எடுக்க வந்தபோது பெண்கள் புல்டோசருக்கு எதிரே போய் நின்றார்கள். போலீஸ் கண்ணீர்ப் புகை வீசித் தடியடி நடத்திற்று. மண்ணுக்கு அடியில் இருப்பது சர்க்காருக்குச் சொந்தம் என்பது ஆஸ்திரேலியர்கள் கொண்டுவந்த சட்டம். மேல்மண் தாயுடையது, அடிமண் வேறொருவருடையது என்ற பாகுபாடு அந்த ஜனங்களுக்கு ஒரு புதுவிதமான கற்பனைப் படைப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். நமது யதார்த்தவாதிகள் இதை யதார்த்தம் என்பார்கள்.

பணம் வந்ததா என்றால், வந்தது. பாப்புவா நியூகினி 1975-ல் சுதந்திரம் அடைந்தபோது அதன் கஜானாவுக்குப் பெரிய ஆதாரமே இந்தச் சுரங்கம்தான்; ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இதிலிருந்து. பதினேழு வருஷத்தில் சுரங்கம் பங்கிட்ட தொகையில் நிலத்துக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றில் ஒன்றரைக்கும் கீழே. கொடுத்ததற்கு அட்டவணை இருந்தது. போன காட்டுக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, ஆற்று மீனுக்கு இவ்வளவு. அட்டவணையில் 'சமூக அசௌகரியம்' என்று ஒரு தலைப்பும் உண்டு. இதை நான் இட்டுக்கட்டவில்லை. கிராமம் பெயர்ந்து, ஆறு மேடாகி, வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, மகன் தாய்மாமன் பேச்சைக் கேட்காமல் போனால் அது அசௌகரியம். ரயில் லேட்டானால் ஒலிபெருக்கியில் வருந்துகிறார்களே, அதே அசௌகரியம். இப்படி ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க நம் புதுக்கவிஞர்களுக்குச் சாமர்த்தியம் போதாது.

1980-களின் நடுவில் புதுத் தலைமுறை ஒன்று பேச ஆரம்பித்தது. பழைய பெரியவர்கள் நஷ்ட ஈட்டு அறக்கட்டளையைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்ற கோபமும் அதில் கலந்திருந்தது. எல்லாம் கம்பெனிக்கும் ஜனங்களுக்கும் நடந்த சண்டை என்று எளிமைப்படுத்துவது கவிஞர்களின் வேலை. உள்ளேயே விரிசல் விட்டிருந்தது. பெர்பெட்டுவா செரெரோ என்ற பெண்ணும், சுரங்கத்திலேயே சர்வேயராக வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனாவும் 1987-ல் புது நிலத்துக்காரர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார்கள். கேட்ட தொகை ஆயிரம் கோடி கினா. கேட்டவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சிரித்தார்கள். எனக்கென்னவோ, அது கணக்கே அல்ல, கணக்குப் போடும் முறையை மறுத்த ஒரு வாக்கியம் என்று படுகிறது. எந்தக் கட்டத்திலும் அடங்காத ஓர் எண்ணை எழுதிவிட்டால் படிவம் கிழிந்துதானே போக வேண்டும்?

இப்போது நண்பர் விரும்பும் காரியம் நடந்தது. 1988-ல் அரசாங்கம் நியூசிலாந்திலிருந்து ஆலோசகர்களை வரவழைத்தது: அப்ளைட் ஜியாலஜி அசோசியேட்ஸ். சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் எல்லாவற்றிலும் சுரங்கத்தின் பாதிப்பை மதிப்பிட வேண்டும். வந்தவர்கள் அயோக்கியர்கள் என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. அவ்வருஷம் நவம்பரில் ஒரு கூட்டத்தில் தங்கள் முடிவுகளை மக்கள் முன் வைத்தார்கள். ரசாயன நச்சு என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஊரார் சொல்லும் நோய்களுக்குச் சுரங்கத்தைக் காரணமாகக் காட்ட முடியவில்லை. பழந்தின்னி வௌவால்கள் மறைந்துபோனதற்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஓனா, இது வெறும் வெள்ளையடிப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். சில நாட்களில் கம்பெனியின் வெடிமருந்து திருடு போயிற்று. மின்கோபுரங்கள் சாய்ந்தன. 1989 மே மாதம் சுரங்கம் மூடியது. பிறகு ராணுவம், 1990-லிருந்து தீவைச் சுற்றி முற்றுகை, மருந்துகூட உள்ளே போகாத வருஷங்கள், பூகன்வில்காரர்களே ஒருவரை ஒருவர் கொன்ற வருஷங்கள். 1998-ல் போர் நின்றபோது இறந்தவர்கள் பத்தாயிரம் என்பார் உண்டு, இருபதாயிரம் என்பார் உண்டு. தீவின் ஜனத்தொகை போர் தொடங்கும்போது ஒன்றரை லட்சம் சொச்சம்.

ஒரு மதிப்பீட்டால் யுத்தம் வந்தது என்று நான் சொல்லவில்லை. இருபது வருஷமாகக் காய்ந்து கிடந்தது பற்றிக்கொண்டது. எனக்கு அக்கறை வேறொன்றில். அச்சில் வந்த அந்த அறிக்கை கூட்டத்தில் பேசப்பட்டதைப்போல அத்தனை சாது அல்ல. நிலத்துக்கும் ஆற்றுக்கும் கிராம வாழ்க்கைக்கும் நேர்ந்த கெடுதல்களை அது பேசியது. கம்பெனியின் நடத்தையை விமர்சிக்கவும் செய்தது. அதாவது நண்பர் கேட்கும் 'முறையான' மதிப்பீடு கிட்டத்தட்ட அதுதான். பின் ஏன் ஓனா எழுந்து போனார்? அறிக்கை பொய் என்பதால் அல்ல. அதில் அவர் கேள்விக்கே இடம் இல்லை என்பதால் என்றுதான் நான் படிக்கிறேன். அறிக்கை கேட்பது 'எவ்வளவு' என்று. எவ்வளவு நச்சு, எவ்வளவு நஷ்டம், எவ்வளவு ஈடு. அந்த ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தது 'எப்படி வரலாம்' என்று. முதல் கேள்விக்கு எவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னாலும் இரண்டாவது கேள்விக்கு அது பதில் ஆகாது.

வங்கியில் என் மேஜைக்குப் பக்கத்தில் நகைக்கடன் கவுண்டர். மதிப்பீட்டாளர் வருகிறார், உரைகல்லில் இழுக்கிறார், அமிலம் ஒரு சொட்டு விடுகிறார், கல், அரக்கு, அழுக்குக்கு எடை கழித்து நிகர எடை சொல்கிறார். நேர்மையான மனிதர், எடையில் பிசகே இருக்காது. ஆனால் இந்த நகையை அடகு வைக்கலாமா என்று அவரை யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அவர் மேஜைக்கு வருவது ஏற்கெனவே கழுத்திலிருந்து கழற்றியாகிவிட்ட நகை. பாதிப்பு மதிப்பீடும் இந்தக் கவுண்டர் வேலைதான். அதில் இழிவு ஒன்றுமில்லை. அதை நீதி என்று நினைத்துக்கொள்ளும் நண்பரிடம்தான் கோளாறு.

வௌவால் விஷயத்தை இப்படி விட்டுவிட முடியாது. பழந்தின்னி வௌவால் அங்கே வேட்டையாடித் தின்னும் பிராணி. அது இல்லாமல் போனதற்குச் சுரங்கம் காரணம் இல்லாமலே இருக்கலாம். விஞ்ஞானம் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எது இருந்தது? சுரங்கம் வரும் முன்னால் எத்தனை வௌவால், ஆற்றில் எவ்வளவு மீன், யாருக்கு என்ன நோய் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து எண்ண வந்தார்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரே சாட்சி அங்கே இருந்தவர்களின் ஞாபகம். ஞாபகம் ஆதாரம் ஆகாது. இது ஒரு அபாரமான ஏற்பாடு: எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவன் எழுதாமல் விட்டான், அதற்கான தண்டனை எழுதும் பழக்கம் இல்லாதவனுக்கு.

கான்ராடின் 'நாஸ்ட்ரோமோ' (1904) நாவலில் இது இருக்கிறது. தென்னமெரிக்காவில் ஒரு கற்பனை நாடு, அதில் ஒரு வெள்ளிச் சுரங்கம். சுரங்கம் வந்தபின் மலையிடுக்கில் இருந்த அருவி இல்லாமல் போகிறது. அது இருந்ததற்கு மிஞ்சுவது, சுரங்க முதலாளியின் மனைவி தீட்டி வைத்திருந்த நீர்வண்ணச் சித்திரம் ஒன்றே. கான்ராட் அதைப் பெரிதுபடுத்தவில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறான். இந்த நாவலை ஏகாதிபத்தியத்தைப் பற்றியது என்றும், மனிதனின் தனிமையைப் பற்றியது என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளக்கியவர்கள் யாரும் அந்தச் சித்திரம் யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அருவி போனவர்களிடம் அருவியின் படம் இல்லை. அருவியைப் போக்கியவன் வீட்டில் இருக்கிறது. ஒப்பாரிக் கவிஞர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும், சுரங்கத்தைப் பற்றி இலக்கியம் என்ன செய்ய முடியும் என்று தெரியும். இலக்கியக்காரன் விலகிக்கொள்ள வேண்டும் என்னும் நண்பரும் படிக்கலாம்.

கோலார் தங்கவயலை விட்டுவிட்டுப் பசிபிக்குக்கு ஏன் போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போய் அந்தப் பாதாளத்தில் இறங்கியவர்களையும், 2001-ல் சுரங்கம் மூடியபின் விட்டுப்போன சயனைடு மண்மேடுகளையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அது சுரங்கமே உண்டாக்கிய ஊர், பிழைக்கப் போனவர்களின் கதை. இருந்த ஊருக்குள் சுரங்கம் வந்து புகுந்த கதை வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் பொருத்துவதை மதிப்பீட்டாளர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

நம் தேசத்தில் ஒப்பிட வேண்டுமானால் ஒடிஷாவின் நியாம்கிரி. வேதாந்தா கம்பெனியின் அலுமினா ஆலைக்காக மலையுச்சியின் பாக்ஸைட்டை எடுப்பது திட்டம். அங்கேயும் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மலையின் மீது அந்த மக்களுக்கு உள்ள வழிபாட்டு உரிமை உள்பட எல்லாவற்றையும் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று சொல்லிற்று. மாநில அரசு பன்னிரண்டு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருக்க, ஏன் இந்தப் பன்னிரண்டு என்று அப்போதே கேட்டார்கள். அந்தப் பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. டோங்கிரியா கோண்டுகள் விஞ்ஞானத்தில் நம்மைவிடத் தேர்ந்தவர்களா? இல்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்விக்கு 'வேண்டாம்' என்பது செல்லுபடியாகும் பதிலாக இருந்தது. பாங்குனாவில் 1988-ல் அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவே. எண்களின் தரத்தில் அல்ல.

நான் எண்களுக்கு விரோதி என்று நண்பர் பதில் எழுதிவிடுவார். எண்களில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. மேலும் அவர் ஆயுதத்தை நானே அவர் கையில் கொடுக்கிறேன்: 2020-ல் பூகன்வில்காரர்கள் 156 பேர் ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ மேல் புகார் கொடுத்தார்கள். அதற்கு முன் 2016-ல், கம்பெனி தன் பங்குகளை இலவசமாகக் கைகழுவிவிட்டு, சுத்தம் செய்யும் பொறுப்பு தனக்கு இல்லை என்று போய்விட்டிருந்தது. புகார்க்காரர்கள் கேட்டவற்றில் ஒன்று, விட்டுப்போன சேதத்தை ஒரு சுயேச்சையான குழு மதிப்பிட வேண்டும் என்பது. ஆம், மதிப்பீடு. 2021-ல் கம்பெனி அதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் அறிக்கை வந்தது. சுரங்கம் மூடி முப்பத்தைந்து வருஷம் கழித்தும் நகர்ந்துகொண்டிருக்கும் கழிவு மணல், அதனால் வரும் வெள்ளம், இடிந்து விழக்கூடிய கட்டடங்கள், தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. இவை மனித உரிமைப் பிரச்சினைகள் என்றும் அது சொல்கிறது. பயனுள்ள காரியம்தான். முதல் முறை எண்ண வந்தவர்களைச் சர்க்கார் அனுப்பியது. இரண்டாம் முறை எண்ணச் சொன்னவர்கள் ஆற்றங்கரையில் இருப்பவர்கள். 'எவ்வளவு' என்ற அதே கேள்விதான். கேட்கும் வாய் மாறியிருக்கிறது. நண்பருடைய கட்டுரையில் வாய்களே இல்லை. பாதிப்புகள் இருக்கின்றன, குறியீட்டெண்கள் இருக்கின்றன, 'தொலைதூரச் சமூகங்கள்' இருக்கின்றன. யாருக்குத் தொலைவு? பாங்குனாவில் பிறந்தவனுக்கு பாங்குனா தொலைவிலா இருந்தது? லண்டனும் மெல்போர்னும் அல்லவா அவனுக்குத் தொலைவு.

கதை இன்னும் சிக்கலாகிறது, நம் கவிஞர்களுக்கு இது பிடிக்காது. 2019-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் பூகன்வில் மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தனி நாடு வேண்டும் என்றார்கள். தனி நாட்டுக்கு வருமானம் வேண்டும். அங்குள்ள தன்னாட்சி அரசாங்கமே பாங்குனாவை மறுபடி திறக்க விரும்புகிறது. நிலத்துக்காரர்களில் சம்மதிப்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. மலையைத் தாயாக்கியவர்கள் இப்போது என்ன எழுதுவார்கள்? தாய் சம்மதித்துவிட்டாள் என்றா? அவர்கள் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். திறக்கத்தான் போகிறார்கள் என்றால் மறுபடி ஆலோசகர்கள் வருவார்கள், மறுபடி ஒரு கூட்டம் நடக்கும், யாரோ ஒருவர் எழுந்து பேசுவார். அவர் பேசுவது எந்த மொழியில் பதிவாகும், வாக்கியத்தில் அவர் எழுவாயாக இருப்பாரா அல்லது 'பாதிக்கப்படக்கூடிய தரப்பு' என்று ஆகிவிடுவாரா என்பது மொழியோடு வேலை செய்கிறவர்களின் விவகாரம். அதிலிருந்து விலகிக்கொள்ளச் சொல்லும் நண்பர், தம் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறார். வரட்டும். அதில் அந்தப் பழந்தின்னி வௌவால்களை எந்தக் கட்டத்தில் எழுதுவார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.